ருசி பாராமல் சமைத்த ஆட்டிறைச்சி

பவானி கேட்டது ஒரே சொல்லில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி. அவள் என் மனைவி மனோவின் தமக்கை மகள். சிட்னியின் பிளாக்டவுனில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் சமையல் வேலைக்கு அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தொலைபேசியில் மூச்சு வாங்கக் கேட்டாள்.

“சித்தப்பா, நீங்கள் சைவமெல்லே? பிறகு எப்பிடி அவ்வளவு காலமும் சின்னப் பிள்ளையளுக்கு மச்சம் சமைச்சனீங்கள்? ருசி பாத்தனீங்களோ இல்லையோ? நாளைக்கு என்னட்டையும் கேப்பினம். நானும் சைவமெல்லே.”

யாழ்ப்பாணத்தாருக்கு மீன், இறைச்சி, முட்டை எல்லாமே மச்சம்தான், பிரிவினை கிடையாது.

“ஓம்” என்றேன். பிறகு “இல்லை” என்றேன்.

“ரெண்டும் சேத்தே?”

“அது பெரிய கதை பிள்ளை.”

“அப்ப வேண்டாம் சித்தப்பா. அடுப்பிலை பால் வைச்சிருக்கிறன்.”

வைத்துவிட்டாள். பால் பொங்கியதோ இல்லையோ எனக்குத் தெரியாது. எனக்குள் கதை பொங்கிவிட்டது. எழுந்தேன், இருந்தேன், மறுபடி எழுந்தேன். ஐம்பது கடந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. முதுகு மட்டும் எனக்கு முன்னதாக ஓய்வு பெற்றுவிட்டதால் நானும் அதன் பின்னால் வீட்டுக்கு வந்தவன். உட்காரச் சொல்லித்தான் வைத்தியர் அனுப்பினார். அது ஒன்றுதான் எனக்கு வராத வேலை. கேட்டவள் கேட்காமல் விட்ட கதையை, கேட்காதவர்களாகிய உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

கொழும்பில் நான் ஒரு பத்திரிகையில் பிழைதிருத்துநன். மனோ மருத்துவத் தாதி. எழுபதுகளின் முற்பகுதியில் அவுஸ்திரேலியாவுக்கு அவள் தேவைப்பட்டாள். நான் அவளுடைய பெட்டிகளில் ஒன்றாக வந்து இறங்கினேன். தமிழ் அச்சுப்பிழையைத் திருத்தும் ஒருவனுக்கு அந்நாளைய சிட்னியில் என்ன வேலை? அங்கே தமிழ் அச்சுப்பிழை இல்லை. தமிழ் அச்சே இல்லை. பாரம் தூக்கினேன், தபால் பிரித்தேன், ஒரு புத்தகக் கடையில் தூசி தட்டுவதற்குப் பதிலாகப் புத்தகங்களை வாசித்துக்கொண்டிருந்து பிடிபட்டேன். கடைசியில் மறிக்வில்லில், ஆலைகளுக்கு நடுவே இருந்த ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். அங்கே சமைத்த கிழவர் மகளுடன் இருக்க வடக்கே போனார். அவருக்குப் பதில் ஆள் வரும்வரை ஒரு நாள் சமைக்கச் சொன்னார்கள். அந்த ஆள் இன்றுவரை வரவில்லை.

காப்பகத்தின் தலைவி சிஸ்டர் மொர்லி. தாதியாக இருந்தவர். வெள்ளைச் சீருடை, கஞ்சி போட்ட கழுத்துப்பட்டை. குரலை உயர்த்தியதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் தாழ்த்துவார். அவர் குரல் முற்றாகக் கேட்காமல் போன நாட்களில் நாங்கள் எல்லோரும் பயந்துபோய் இருந்தோம்.

முதல் நாள் குசினி வாசலில் நின்று உண்மையைச் சொன்னேன். நான் இறைச்சி சாப்பிடாதவன்.

அவர் என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். “தொடுவீர்களா?”

“தொடுவேன்.”

“வெட்டுவீர்களா?”

“வெட்டுவேன்.”

“ருசி பார்ப்பீர்களா?”

“இல்லை.”

வேலை போய்விட்டது என்று நினைத்து ஏப்ரனின் முடிச்சைத் தேடினேன். சிஸ்டர் கையால் தடுத்தார். “குழந்தைக்குப் போகும் சாப்பாட்டை ஒரு பெரிய ஆள் ருசி பார்க்காமல் அனுப்ப முடியாது, மிஸ்டர் சிவா. ருசி பார்ப்பது என் வேலை. எப்படி இருக்கும் என்று எனக்கு முன்கூட்டியே சொல்வது உங்கள் வேலை.”

அப்படித்தான் அந்த விசித்திரமான ஏற்பாடு தொடங்கியது. தினமும் மதியத்துக்குச் சற்று முன் சிஸ்டர் குசினிக்கு வருவார். நான் சட்டியின் மூடியைத் திறந்து, முகத்தை ஆவிக்குள் விட்டு, ஜாதகம் பார்ப்பவனைப் போல் சொல்லுவேன்: “இன்றைக்கு கரட் இனிப்புக் கூட. இறைச்சி நன்றாக வெந்துவிட்டது. பட்டாணி கொஞ்சம் மாவாக இருக்கும்.” அவர் சீருடைப் பையிலிருந்து தமது கரண்டியை எடுப்பார். ஒரு வாய் வைப்பார். முகத்தில் ஒரு கோடுகூட அசையாது. பிறகு ஒரு தலையாட்டல். அந்தத் தலையாட்டலுக்காக நான் காலையிலிருந்து அடுப்புக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டே இருப்பேன்.

சமையல் எளிது, அதனால்தான் கடினம். ஆட்டின் கழுத்து இறைச்சியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடேற்ற வேண்டும். மேலே வரும் நுரையை வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். சதை எலும்பை விட்டுத் தானாகக் கழன்றதும் ஆறவைத்து விரல்களால் பிரிக்க வேண்டும். கழுத்து எலும்பிலிருந்து அரிசி நுனி அளவு சில்லுகள் உடைந்து சதைக்குள் ஒளிந்திருக்கும். அவற்றைக் கண்ணால் காண முடியாது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நசுக்கி நசுக்கித்தான் பிடிக்கலாம். என் பழைய தொழில் உதவிய ஒரே இடம் அதுதான். எழுத்தின் தலையில் காணாமல் போன ஒரு குற்றைத் தேடுவதைப் போல் தேடுவேன். பத்திரிகையில் பிழை தப்பினால் வாசகர் கடிதம் வரும். இங்கே தப்பினால் என்ன வரும் என்று யோசிக்கவே பயந்து, பிரித்த இறைச்சியை மறுபடி பிரிப்பேன்.

பிறகு கரட், உருளைக்கிழங்கு, கடைசியாகப் பூசணி. பட்டாணித் தோல் எதிரி. குழந்தையின் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் கைப்பிடி சுற்றும் மசிப்பானில் போட்டு அரைப்பேன். கைக்குழந்தைகளுக்கு வழுக்கிக்கொண்டு இறங்கும் கூழ். நடக்கத் தொடங்கியவர்களுக்கு முள்ளுக்கரண்டியால் மசித்தது. ஓடுகிறவர்களுக்குச் சிறு துண்டுகள். சிஸ்டர் கரண்டியைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். கூழ் மெல்ல நழுவ வேண்டும். சொட்டினால் தண்ணி, ஒட்டிக்கொண்டால் கட்டி. உப்பு ஒரு கல்லும் கிடையாது. சிறுநீரகம் பிஞ்சு என்பார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லி வளர்ந்த இனத்தவன் நான். தினமும் ஒரு பெரிய சட்டி குப்பையை மிகுந்த கவனத்தோடு சமைத்துக்கொண்டிருந்தேன்.

குசினிக்கும் சாப்பாட்டு அறைக்கும் இடையே ஒரு சின்ன யன்னல். தட்டு போவதும் அதனூடாகத்தான், திரும்பி வருவதும் அதனூடாகத்தான். சமையற்காரனுக்கு வேறு விமர்சகர் இல்லை. வெறும் தட்டு வந்தால் ஒரு மூச்சு விடுவேன். மிச்சம் வந்தால் எந்தப் பிள்ளை, ஏன், பல் வருகிறதா, காய்ச்சலா என்று யன்னலில் தலையை நுழைத்து எட்டிப் பார்ப்பேன். “சிவா, தலை மாட்டிக்கொள்ளும்” என்பாள் ஜூடி. பிள்ளைகளைப் பராமரிக்கும் பெண், பத்தொன்பது இருபது வயது, உருளைக்கிழங்குப் பொரியல் தவிர வேறொன்றும் உண்ணாதவள்.

இப்படி மூன்று வருடம். பிறகு சுபா வந்தாள்.

ஒன்றரை வயதுத் தமிழ்ப் பிள்ளை. தாய் மலர், பருத்தித்துறைப் பக்கம். பக்கத்து பிஸ்கட் ஆலையில் வேலை. கணவன் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு சுரங்கத்தில், எப்போதாவது வருவான். காப்பகத்தில் ஒரு தமிழ்க் குரல் கேட்டதும் மலருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

“அண்ணை, நீங்களே சமைக்கிறியள்? அப்ப எனக்குப் பயமில்லை.”

அவளுக்குப் பயமில்லாமல் போனது, எனக்கு வந்தது.

சுபா சாப்பிடவில்லை. அழவும் இல்லை. அதுதான் மோசம். சின்னக் கதிரையில் நேராக உட்கார்ந்து, வாயைப் பூட்டிய கடை மாதிரி மூடிக்கொண்டு, எதிரே கரண்டி பிடித்திருப்பவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வாரம் தண்ணீரும் பாலும்தான். தட்டு போனபடியே திரும்பி வரும். நான் மேலே கரண்டியால் போட்ட வரிகூடக் கலையாமல்.

இரண்டாம் வாரத் திங்கட்கிழமை சிஸ்டர் என்னிடம் வந்தார். குரல் தாழ்ந்திருந்தது. பகல் முழுவதும் உண்ணாத பிள்ளையை வைத்திருக்க வைத்தியர் சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் தாயைத்தான் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்த ஒரு இடத்துக்காக வெளியே வேறு தாய்மார் காத்திருக்கிறார்கள். “இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை” என்றார். விருப்பமில்லாததைச் செய்து முடிப்பதில் அவர் கெட்டிக்காரர் என்பது எனக்குத் தெரியும்.

நான் தமிழன் அல்லவா, எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. பிள்ளைக்குச் சோறு வேண்டும். செவ்வாய்க்கிழமை குழைய வேகவைத்த சோறும் பருப்பும் தனியாகப் போட்டு, யன்னலில் நின்றபடி வெற்றிக்காகக் காத்திருந்தேன். தட்டு வந்தது, போனபடியே. புதன்கிழமை இறைச்சிக் கூழில் சாடையாகச் சீரகம் சேர்த்தேன். சிஸ்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார், கரண்டியை எடுக்கவேயில்லை. “இது என்ன, மிஸ்டர் சிவா?” என்று கேட்டது எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. அந்தச் சட்டி கொட்டப்பட்டது.

வியாழன் மாலை வாசல் படலையடியில் மலரைப் பிடித்தேன். முகம் வீங்கியிருந்தது. சிஸ்டர் அவளிடமும் சொல்லிவிட்டார்.

“பக்டரியிலை லீவு தரமாட்டாங்கள் அண்ணை. வீட்டிலை நிண்டால் வேலை போயிடும். நான் என்ன செய்ய? பிள்ளையைப் பிஸ்கட் பெட்டியுக்கை வைச்சுக்கொண்டே நிக்கிறது?”

“வீட்டிலை என்ன சாப்பிடுறவ?”

“எல்லாம் தின்னுவாள். மீன், இறைச்சி, மரக்கறி, போன கிழமை என்ர செருப்பையும் கடிச்சவள்.”

“எப்பிடிச் சோறு தீத்திறனீர்?”

“ஆர் தீத்தினது?” கண்ணீருக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வேலையாலை களைச்சு வந்து ரெண்டு பிளேட் கழுவ ஏலுமே அண்ணை? ஒரே பிளேட். எனக்கு ஒரு வாய், அவவுக்கு ஒரு வாய். நான் முதல் வாய் வைச்சு மெண்டால்தான் அவ வாய் திறப்பா. இல்லாட்டில் ராசாத்தி பாத்துக்கொண்டே இருப்பா.”

பாத்துக்கொண்டே இருப்பா. நான் இரண்டு வாரமாக யன்னலில் நின்று தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; அந்தப் பிள்ளை எங்கள் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தனக்கு எதிரே இருப்பவர் உண்ணாத எதையும் உண்பதில்லை என்பது அவளுடைய கொள்கை. யோசித்தால் மிகவும் புத்தியான கொள்கை.

அன்றிரவு வீட்டில் நடந்துகொண்டே இருந்தேன். மனோ சொன்னாள்: “ஆரோ ஒராள் முதல் வாய் வைக்கிறது தானே? அங்கை ஆள் இல்லையே? ஏன் இந்தக் கார்ப்பெட்டைத் தேய்க்கிறியள்?”

அவள் சொன்னது சரிதான். காலையில் சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். பணியாளர் பிள்ளையின் தட்டில் உண்பது காப்பக விதிக்கு மாறு. சிஸ்டர் “விதியை நான் பார்த்துக்கொள்கிறேன். ஜூடியைக் கூப்பிடுங்கள்” என்றார்.

ஜூடி தைரியமாகத்தான் உட்கார்ந்தாள். சுபாவைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். அடுத்த கணம் அவள் முகம் போன போக்கை நான் யன்னலுக்குள் இருந்து கண்டேன். விழுங்கிவிட்டாள், பாவம், ஆனால் மூக்கு, புருவம், கன்னம் மூன்றும் ஒன்றாக ஒரு இடத்தில் கூடிப் போயிருந்தன. சுபா அந்த முகத்தை வடிவாகப் பார்த்தாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

“மன்னிக்கவும் சிஸ்டர்” என்றாள் ஜூடி. “சிவா, நீயும்தான்.”

சிஸ்டர் தாமே உட்கார்ந்தார். வழக்கமான அந்த அசையாத முகத்தோடு ஒரு வாய் வைத்தார். உணவைப் பற்றி அந்த முகம் ஒரு செய்தியும் சொல்லவில்லை. சுபா வெள்ளைச் சீருடையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். முதன்முறையாக வீறிட்டு அழுதாள்.

சிஸ்டர் எழுந்து யன்னலுக்கு வந்தார். “மிஸ்டர் சிவா, உங்களை நான் கேட்கப் போவதில்லை.”

கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம். கேட்காமல் நின்றார்.

அது வெள்ளிக்கிழமை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மச்சம் தின்னும் சைவ சமயத்தவரும் அதைத் தவிர்க்கும் நாள். மனோகூட அன்று மீன்சட்டியைக் கவிழ்த்து வைப்பாள். நான் காலையில் முழுகி, திருநீறு பூசி வந்திருந்தேன். ஆனாலும் பிழைதிருத்துநனுக்கு ஒரு குறுக்கு வழி தெரியாமல் போகுமா? ஒரு தட்டை எடுத்து ஒரு பக்கம் இறைச்சிக் கூழ், மறுபக்கம் வெறும் பூசணி மசியல் வைத்தேன். இரண்டும் ஒரே செம்மஞ்சள் நிறம். ஒரே தட்டு, என் பக்கம் எனக்கு, அவள் பக்கம் அவளுக்கு. ஆட்டுக்கும் எனக்கும் நடுவே ஒரு எல்லைக்கோடு.

முழங்கால்கள் காதைத் தொடும் அளவு சிறிய கதிரையில் போய் உட்கார்ந்தேன்.

“சுபாக்குட்டி, மாமா சாப்பிடப் போறன், பாருங்கோ.”

அழுகை நின்றது. பூசணியை ஒரு வாய் வைத்து, நாடகக்காரன் மாதிரி மென்றேன். அவள் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். நான் எடுத்த பக்கத்தைப் பார்த்தாள். அவளுடைய பக்கத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து நீட்டினேன். வாய் திறக்கவில்லை.

“ஆ காட்டுங்கோ. நல்ல இறைச்சி.”

அவள் தன் கையைத் தட்டில் வைத்தாள். தன் பக்கத்தில். ஐந்து விரலாலும் ஒரு பிடி அள்ளினாள். நான் பெருமூச்சு விட வாயைத் திறந்தேன். அந்தக் கை நேராக என் வாய்க்குள் வந்தது.

சாப்பாட்டு அறையில் எல்லா ஓசையும் நின்றுபோனதாக எனக்குத் தோன்றியது. உண்மையில் பின்னால் ஒருவன் கரண்டியால் மேசையை அடித்துக்கொண்டிருந்தான். சுபாவின் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். ஜூடியின் முகம் செய்த வேலை எனக்கு நினைவிருந்தது. என் மூக்கோ புருவமோ ஒரு நூல் அசைந்தால் மலரின் வேலை போய்விடும். மென்றேன். விழுங்கினேன். சிரித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் சிரித்ததில்லை. கல்யாணப் படத்திலும் இல்லை.

“இன்னும் வேணும்” என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியாது.

அவள் கையைத் தட்டில் வைத்து அள்ளினாள். என் வாய்வரை கொண்டுவந்தாள். யோசித்தாள். பிறகு கையைத் திருப்பித் தன் வாயில் வைத்தாள்.

அதன் பின் எனக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். தட்டு வெறுமையானது. எல்லைக்கோடு எங்கே இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

குசினிக்கு வந்து கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர் உள்ளே வந்து ஒரு கோப்பை தண்ணீர் நீட்டினார். பாவம் செய்துவிட்ட கலக்கம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். என்னை ஆட்டியது வேறு.

“சிஸ்டர், இது நன்றாகவே இல்லை.”

“இல்லை” என்றார்.

“ஈரக் கடதாசி மாதிரி இருக்கிறது.”

“ஏறக்குறைய.”

“மூன்று வருடமாகத் தினமும் தலையாட்டினீர்களே!”

“நீங்கள் சொன்னது சரியாக இருந்தது, மிஸ்டர் சிவா. கரட் இனிப்புக் கூட என்றீர்கள்; கூடத்தான் இருந்தது. பட்டாணி மாவாக இருக்கும் என்றீர்கள், இருந்தது. நன்றாக இருக்கும் என்று நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லையே.” பிறகு, “குழந்தைகள் உண்டார்கள், வளர்ந்தார்கள். என் நாக்கின் ருசியை அவர்கள் மேல் சுமத்த எனக்கு என்ன உரிமை?” என்றார்.

மாலையில் மலர் வந்தாள். ஜூடி ஓடிப்போய்ச் செய்தியைச் சொல்லியிருந்தாள். நான் யார் என்பதையும் சேர்த்து.

“ஐயோ அண்ணை! நீங்கள் சைவமாமே? வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் என்ர பிள்ளை உங்கடை விரதத்தை முறிச்சுப்போட்டாளே!”

“விரதத்துக்கு ஒண்டுமில்லை தங்கச்சி. என்ர சமையல்தான் முறிஞ்சு போச்சு.”

சனியும் ஞாயிறும் நான் தூங்கவில்லை என்றால் மனோ சிரிப்பாள், ஆனால் தூங்கவில்லை. பிழை எங்கே என்று தெரிந்த பிறகு எந்தப் பிழைதிருத்துநன் தூங்குவான்? திங்கட்கிழமை இறைச்சியைத் தண்ணீரில் போடுமுன் சட்டியில் சிவக்க வாட்டினேன். வெங்காயத்தைச் சிறு தீயில், இனிப்பு வரும்வரை, அவசரப்படாமல் வதக்கினேன்; எனக்கு அவசரப்படாமல் செய்ய வந்த ஒரே காரியம் அதுதான். பூசணியை அவிக்காமல் ஓவனில் சுட்டேன். உப்பு இல்லை. சீரகமும் இல்லை. சிஸ்டர் வந்தார். நான் ஆவியில் முகம் வைத்துச் சொன்னேன்: “இன்றைக்கு நன்றாக இருக்கும்.” அவர் ஒரு வாய் வைத்தார். தலையாட்டினார். பிறகு கரண்டியை இரண்டாவது தடவை சட்டிக்குள் இறக்கினார்.

சுபா இருந்தவரை தினமும் அவளுடைய தட்டில் முதல் வாய் என்னுடையது. பிறகு தகப்பனுக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்து மூவரும் போய்விட்டார்கள். நான் நிறுத்தவில்லை. மதியத்தில் ஒரு கரண்டி, மருந்து மாதிரி. வீட்டில் நான் சைவம்தான். மனோ அதற்கு “ஒஃபிஸ் மச்சம்” என்று பெயர் வைத்தாள். எந்தச் சாத்திரத்திலும் இல்லாத பிரிவு. ஓமும் இல்லையும் சேர்ந்த இடம் அதுதான், பவானி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் மறுபடி தொலைபேசி எடுத்தாள்.

“சித்தப்பா, நேர்முகம் முடிஞ்சுது. நாளைக்கு ஒரு நாள் சமைச்சுக் காட்டட்டாம். ஆட்டிறைச்சியும் மரக்கறியும்.”

“ருசி பாப்பீரோ எண்டு கேட்டவையோ?”

“கேட்டவை. வேறை ஆரும் பாக்கட்டும், நான் மூக்காலை மணந்து பாத்துச் சொல்லுவன் எண்டன். சிரிச்சினம்.”

“பிள்ளை, கவனமாய்க் கேளும். அந்த இறைச்சியை முதல்லை...”

“பஸ் வந்திட்டுது சித்தப்பா!”

அது நேற்று. இன்றைக்குக் காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் குசினிக்கும் இடையில் எத்தனை தரம் நடந்தேனோ தெரியாது. மதியம் மனோ சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். நான் யன்னலடியில் நின்றேன்.

“ஏன் நிக்கிறியள்? இருந்து சாப்பிடுங்கோவன்.”

“கொஞ்சம் பொறும்” என்றேன். “பிளாக்டவுனிலை இப்ப தட்டுகள் திரும்பி வாற நேரம்.”